தூங்கி வழியும் ஊரில் ஜாம்பி: முதல் நகைச்சுவைக் கதை எழுதுவது எப்படி?

முதன்முதலாக ஜாம்பிக் கதை (செத்த பிறகும் எழுந்து நடந்து, கடித்தவரையும் தன்னைப்போல் மாற்றும் பிணத்தின் கதை) எழுத உட்கார்ந்தபோது, முதல் பக்கத்திலேயே ரத்தத்தை வாரித் தெளித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஊரே காலி. மூன்றாம் பக்கத்தில் பேசுவதற்கு ஆளில்லை. சிரிக்கவைக்க வேண்டுமானால் பிணத்தை எழுப்புவதற்கு முன் ஊரைக் கட்டி எழுப்ப வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

படி 1: ஊரைத் தூங்கவையுங்கள்

அந்த ஊரில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு தெரு, ஓர் அஞ்சல் நிலையம், ஒரு நூலகம், நாளுக்கு இரண்டு முறை வரும் பஸ், இவ்வளவு போதும். ஆறேழு பேருக்கு ஆளுக்கொரு விடாப்பிடியான பழக்கம் கொடுங்கள். முடிதிருத்துபவர் கதை சொல்லத் தொடங்கினால் கத்தரி பாதியில் நின்றுவிடும். நூலகர் அபராதம் வாங்காமல் யாரையும் விடமாட்டார். இந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 2: விதிகளை முடிவு செய்யுங்கள்

ஜாம்பி நடக்குமா, ஓடுமா? கடிபட்டவர் எவ்வளவு நேரத்தில் மாறுவார்? பழைய நினைவில் எது மிஞ்சும்? முதல் இரண்டும் உங்கள் விருப்பம். நடக்கும் ஜாம்பிக்கே என் ஓட்டு. ஓடுகிற ஜாம்பி வசனம் பேச நேரம் தராது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஜாம்பி பிறந்தது கரீபியக் கடலில் உள்ள ஹெய்ட்டி நாட்டில். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வாரிசுகளிடம், செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்ற அச்சம் கதையாக வழங்கியது. அந்த ஜாம்பி யாரையும் கடிக்கவில்லை, உழைத்தது. மனித மாமிசம் தின்னும் ஜாம்பி பரவலானது 1968இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்துக்குப் பிறகுதான். நகைச்சுவைக்குப் பழைய ஜாம்பியே உதவும். உயிர் போனாலும் பழக்கம் போகாது என்று விதி வையுங்கள். முதல் படியில் எழுதிய பட்டியல் இப்போது உயிர்பெறும்.

படி 3: கணக்குப் போடுங்கள்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஊரில் 4,000 பேர், ஒவ்வொரு ஜாம்பியும் மணிக்கு ஒருவரைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஆறு மணி நேரம் கழித்தும் 64 ஜாம்பிகள்தான். நூறு பேருக்கு இரண்டுகூட இல்லை. பதினோராம் மணியில் 2,048. பன்னிரண்டில் ஊர் முடிந்தது. (கடைசியில் கடிக்க ஆள் கிடைக்காமல் வேகம் குறையும்; அந்த அளவு நுணுக்கம் கதைக்கு வேண்டாம்.)

முதல் ஆறு மணி நேரம் யாருக்கும் எதுவும் தெரியாது. தூங்கி வழியும் ஊரில், மெதுவாக நடந்து, கேட்டதற்கு முனகிப் பதில் சொல்லும் 64 பேரை யார் வித்தியாசமாகப் பார்க்கப்போகிறார்கள்? கதையின் முக்கால் பங்கை இங்கேயே செலவிடுங்கள். கடைசி இரண்டு மணி நேரம் வெறும் ஓட்டம்; இரண்டு பத்தி தாங்கும்.

படி 4: ஒரு காட்சியை மெதுவாக எழுதுங்கள்

அஞ்சல் நிலையம், காலை பதினொரு மணி. வரிசையில் நான்காவதாக நிற்பவர் ஜாம்பி. எழுத்தர் தலை நிமிர்வதில்லை. ஜாம்பியின் இடது கை தோளிலிருந்து கழன்று மேசையில் விழுகிறது. எழுத்தர் அதை எடுத்துத் தராசில் வைக்கிறார். முள் நின்றதும் எடையைக் குறித்துக்கொள்கிறார்.

“இப்படித் திறந்தபடி அனுப்ப முடியாது ஐயா. துணி சுற்றித் தைத்துக் கொண்டுவாருங்கள்.”

ஜாம்பி முனகுகிறது.

“எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அடுத்தவர் வாருங்கள்.”

இங்கே எழுத்தர் அலறினால் காட்சி செத்துவிடும். யாரும் நகைச்சுவை செய்வதாகத் தெரியக் கூடாது. எழுத்தருக்குக் கை ஒரு பொட்டலம், அவ்வளவுதான். அடைமொழிகளையும் குறைத்துவிடுங்கள், “அருவருப்பான”, “கொடூரமான” என்று எழுதினால் சிரிக்க வந்தவர் முகம் சுளிப்பார்.

படி 5: ஊர் நிர்வாகத்தை இழுத்துவிடுங்கள்

2009இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஜாம்பித் தொற்றைக் கணிதச் சமன்பாடுகளில் வைத்துப் பார்த்தார்கள். தாமதிக்காமல், மீண்டும் மீண்டும் கடுமையாகத் தாக்கினால் மட்டுமே மனித இனம் தப்பும் என்று விடை வந்தது. உங்கள் ஊரோ அவசரக் கூட்டத்தை அடுத்த வியாழனுக்கு ஒத்திவைக்க வேண்டும். சுற்றறிக்கை ஒன்றும் எழுதுங்கள்: “கடிபட்டவர்கள் உரிய படிவத்தை, இயன்றால் மாறுவதற்கு முன், இரண்டு பிரதிகளில் சமர்ப்பிக்கவும்.”

படி 6: ஒருவருக்காகவாவது வருந்தவையுங்கள்

எல்லாச் சாவும் வேடிக்கையானால் பாதியில் சலித்துவிடும். நான் நூலகரைத் தேர்ந்தெடுப்பேன். மாறிய பிறகும் அவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். தப்பி ஓடும் சிறுமி, தாமதமான புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவர் அவளைக் கடிப்பதில்லை. தேதியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுகிறார், அபராதத்துக்காக.