பொது ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை அணியுங்கள், குழாயில் பெயர் எழுதுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. வேலூரில் பல கல்லூரிகளுக்குப் பொதுவான ஓர் ஆய்வகத்தில் மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இயக்குகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என நாலாபக்கமிருந்தும் மாணவர்கள் புரத மாதிரிகளோடு வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள்.

டிடர்ஜென்டை மறைக்காதீர்கள்

செல்லை உடைத்துப் புரதத்தை வெளியே எடுக்க டிரைட்டான் எக்ஸ்-100, ட்வீன்-20, எஸ்.டி.எஸ். போன்ற டிடர்ஜென்டுகளை, அதாவது சோப்பு போன்ற பொருள்களை, சேர்ப்பதில் தவறில்லை. நீக்காமல் கொண்டுவருவதுதான் தவறு. இயந்திரம் மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளை மட்டுமே காணும். டிடர்ஜென்ட் முந்திக்கொண்டால் பெப்டைடுகளின், அதாவது புரதத் துண்டுகளின், சமிக்ஞை அமுங்கிவிடும்.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் வளரும் பாக்டீரியாவை ஆராயும் மாணவி ஒருவர், படிவத்தில் பஃபர் (மாதிரியின் அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) விவரம் கேட்கும் இடத்தில் ‘டிரிஸ்’ என்று பஃபரின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். ஓட்டினோம். திரையில் 44 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) இடைவெளியில் சிகரங்கள் அணிவகுத்தன. டிரைட்டானில் சங்கிலியாகத் தொடரும் எத்திலீன் ஆக்சைடு அலகின் நிறை அது. “கொஞ்சம்தான் சார், 0.1 சதவீதம்” என்றார். 0.1 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம். பல மாதிரிகளில் புரதமே அவ்வளவு இருக்காது!

அந்த டிரைட்டான், இயந்திரத்துக்கு முன்னால் பெப்டைடுகளைப் பிரிக்கும் சி18 குழாயில் (column) ஒட்டிக்கொண்டது. கழுவிக் கழுவிப் பார்த்தோம். கடைசியில் அந்தக் குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த முறைக்காரர், ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிய ஒரு மாணவர். மாதக்கணக்கில் சேர்த்த அவருடைய மாதிரியில் பாதி, சி18 குழாய் சுத்தமாகிவிட்டது என்று நம்பி ஓட்டியதில் வீணானது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. உண்மையை எழுதியிருந்தால் ஓட்டுவதற்கு முன்பே நீக்கியிருப்போம்.

‘சி18 முனையில் சுத்தம் செய்துவிட்டேன்’ என்பார்கள். உப்பு போகும், டிடர்ஜென்ட் பெப்டைடோடு சேர்ந்தே ஒட்டி, சேர்ந்தே இறங்கிவரும். டிரிப்சின் என்ற நொதியால் புரதத்தை வெட்டுவதற்கு முன், மாதிரியின் கன அளவைப்போல் நான்கு மடங்கு அளவுக்குக் குளிர்ந்த அசிட்டோனை ஊற்றி மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுவதும் வைத்துப் புரதத்தை வீழ்படிவாக்குங்கள். அல்லது ஜெல்லில் சிறிது தூரம் மட்டும் ஓட்டி, பட்டையை வெட்டிக் கழுவுங்கள். இன்னும் நல்லது, தொடக்கத்திலேயே சோடியம் டீஆக்ஸிகோலேட் என்ற டிடர்ஜென்டைப் பயன்படுத்துவது. டிரிப்சின் வேலை முடிந்ததும் அமிலம் சேர்த்தால் அது திரிந்து படியும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அகற்றிவிடலாம்.

பாஸ்பேட் பஃபர்

வேண்டாம். அமோனியம் பைகார்பனேட்டுக்கு மாற்றிக் கொண்டுவாருங்கள், அது பாஸ்பேட்டைப்போல் தங்காமல் ஆவியாகிவிடும்.

மே மாதப் பஸ் பயணம்

மைனஸ் 80-இல் உறைந்திருந்த மாதிரியைச் சாதாரண ஐஸில் வைத்தால் வழியிலேயே உருகும். புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கும். வேலூர் வெயிலில் ஐஸே கடைசிவரை தாங்குமா என்பது சந்தேகம். டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கிடைத்தால் அதில் வையுங்கள், ஆனால் பெட்டியைக் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். வாயு அழுத்தத்தில் வெடிக்கும். கிடைக்காவிட்டால் மாதிரியை உறையுலர்த்திப் பொடியாகக் கொண்டுவாருங்கள்.

கெரட்டின்

மாதிரியில் வந்து கலந்துவிடும் இந்தப் புரதம் உங்கள் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் வருவதுதான். ஜெல்லைத் திறந்து போடாதீர்கள்.

வெற்று மாதிரி

புரதம் சேர்க்காத அதே பஃபர், தனிக் குழாயில். எந்தச் சிகரம் பஃபரிலிருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க. இது இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டேன்.

ஒரே குழாய்

இருப்பது முழுவதையும் எங்களிடம் கொடுத்துவிடாதீர்கள். பாதி உங்கள் ஃப்ரீஸரிலேயே இருக்கட்டும்.