முட்டு உள்ள பிள்ளையோடு ஊருக்குப் போகிறீர்களா?

யாழ்ப்பாணம் போகிறவர்கள் வெயிலுக்கும் நுளம்புக்கும் ஆயத்தம் செய்வார்கள். காற்றை யாரும் நினைப்பதில்லை. வீட்டில் முட்டு என்கிற ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ இருந்தால் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றோடு இந்தியத் துணைக்கண்டத்தின் புகைமூட்டமும் கடல் தாண்டி வரும். 2022 டிசெம்பர் 9ஆம் திகதி காற்று மாசு காரணமாக இலங்கையின் அரச பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் கதை வேறு: சோளகம் புழுதியைக் கிளப்பும், கண் கடிக்கும், தும்மல் ஓயாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நெஞ்சுக்குக் கூடாது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கி மூச்சுக்குழாயை அழற்றிவிடும். பிறகு கொஞ்சத் தூசி பட்டாலே முட்டு வந்துவிடும். இந்தத் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன உச்ச அளவு, 24 மணிநேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். துணி முகக்கவசம் இதற்கு உதவாது; என்95 வாங்கிக்கொண்டு போங்கள்.

வீதிப் புகையை நிறுத்த உங்களால் முடியாது, வீட்டுப் புகையை முடியும். பூட்டிக் கிடந்த வீடென்றால், நீங்கள் போய் இறங்குமுன்பே மெத்தை, தலையணைகளை வெயிலில் போட்டு, விரிப்புகளைச் சுடுநீரில் தோய்க்கச் சொல்லுங்கள். நுளம்புத்திரி வேண்டாம், வலை கட்டுங்கள். பின்னேரம் முற்றம் கூட்டிச் சருகு கொளுத்துவதுதான் பெரிய சிக்கல். அதோடு ஷொப்பிங் பையும் சேர்ந்து எரியும். "நாங்கள் இவ்வளவு காலமும் கொளுத்தேல்லையோ?" என்று அம்மம்மா கேட்பா. வாதாடாதீர்கள். பேரப்பிள்ளை ஆஸ்துமா பம்ப் இழுப்பதை ஒருக்கால் கண்டால் நெருப்புப்பெட்டியை அவவே உள்ளே வைத்துவிடுவா.

மருந்தில் பலரும் விடும் பிழை, மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் நீல பம்ப்பை மட்டும் கொண்டு போவது. முட்டு வராமல் காக்கும் தடுப்பு பம்ப் வேலை செய்ய நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கும். பயணத்துக்கு முன்பே வைத்தியரோடு பேசி, ஒழுங்காக எடுக்கத் தொடங்குங்கள். பம்ப், ஸ்பேசர் (பம்ப்பில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்), வைத்தியரின் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வானுக்குள் பம்ப்பை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

நீல பம்ப் இழுத்தும் மூச்சு அடங்கவில்லை, ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.