கரண்ட் கம்பியில் இருக்கிற குருவி: தகைவிலானை இனங்காணப் பழகுவது எப்படி?

புரட்டாதி பிறந்த பிறகு யாழ்ப்பாணத்து வல்லை வெளியால் பஸ்ஸில் போனவர்கள் கண்டிருப்பீர்கள். றோட்டோரக் கரண்ட் கம்பியில், உடுப்புக் காயப்போடுகிற கொடியில் குத்திவிட்ட கிளிப்புகள் மாதிரி, வரிசையாகச் சின்னக் குருவிகள். "ஏதோ குருவி" என்று பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். அந்த ஏதோ குருவிக்குப் பெயர் தகைவிலான். தகைவு இல்லாதவன், அதாவது ஓய்வில்லாமல் பறக்கிறவன். 1758இல் விஞ்ஞானி லின்னேயஸ் வைத்த விஞ்ஞானப் பெயர் ஹிருண்டோ ரஸ்டிகா. அந்த ரஸ்டிகாவுக்கு நாட்டுப்புறம் என்று பொருள்.

பறவை பார்க்கத் தொடங்குகிற ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குருவியைத்தான். காட்டுக்குள் போய் ஒளிந்திருக்கத் தேவையில்லை. சைக்கிளை ஓரமாக நிப்பாட்டினால் போதும்.

ஒன்றை முதலே ஒப்புக்கொள்கிறேன். நான் தொடங்கின இரண்டு வருசமும் எங்கள் வளவுப் பனையைச் சுற்றிப் பறந்ததையெல்லாம் தகைவிலான் என்றே கொப்பியில் எழுதிவைத்தேன். ஆனி, ஆடி என்று வெயில் கொளுத்துகிற, தகைவிலான் இங்கே இல்லாத மாதங்களிலும் எழுதியிருக்கிறேன். ஒருநாள் கள்ளுக்குப் பனை சீவ வந்த அப்பு, நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரித்தார். "தம்பி, உது கம்பியில இருக்கிற குருவி இல்லை. உதுக்கு இருக்கவே தெரியாது. மேல காவோலையில ஒட்டிக்கொண்டுதான் நித்திரை கொள்ளும், நான் தினமும் காணுறனான்."

எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

முதலாம் படி: அது எங்கே இருக்கிறது?

நிறத்தைப் பார்க்க முதல் இருப்பைப் பாருங்கள். அப்பு காட்டினது பனை உழவாரன். அதன் சிறகு உழவாரம் மாதிரி வளைந்திருக்கும். கோயில் வீதியில் புல் செதுக்குகிறோமே, அப்பர் சுவாமிகளின் தோளில் சாய்ந்திருக்கிறதே, அதே உழவாரம். கால் சின்னன், எதிலும் தொற்றத்தான் உதவும், கம்பியைப் பிடித்து உட்கார உதவாது. இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் பனையோலையின் கீழ்ப்பக்கம் ஒட்டிக் கூடு கட்டும். வருசம் முழுக்க எங்களோடுதான். ஆகவே கம்பியில் வந்து குந்தினால் அது உழவாரன் இல்லை, நிச்சயம்.

கம்பியில் வேறு இரண்டு பேரும் இருப்பார்கள். முழுக்கக் கறுப்பாக, நீண்ட வால் மீன்வால் போலப் பிரிந்து, தனியே நிமிர்ந்திருந்தால் இரட்டைவால் குருவி, கரிச்சான். (இலங்கையில் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் அதைச் சாதாரணமாகக் காணலாம். தெற்கிலிருந்து வருகிற பறவை பார்க்கிறவர்கள் அதைப் படமெடுக்க நிற்பதைக் கண்டு நாங்கள் சிரிப்போம்.) சாம்பல் நிறம், தடித்த சொண்டு, தோளோடு தோள் முட்ட நாலைந்து நெருங்கியிருந்தால் அது சாம்பல் தகைவிலான். பெயரில் மட்டும்தான் உறவு, குடும்பம் வேறு. எங்கள் ஆள் அப்படி முட்டிக்கொள்ளமாட்டார். பஸ் சீற்றில் அறிமுகமில்லாதவர்கள் இருக்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கும்.

இரண்டாம் படி: தொண்டை

வெயில் உங்கள் முதுகில் படுகிற பக்கமாக நில்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கறுப்புத்தான். வெயில் பட்டதும் முதுகு கடும் நீலமாக மினுங்கும். நெற்றியிலும் தொண்டையிலும் செம்மண் நிறம். வெற்றிலை போட்ட வாயிலிருந்து சாறு நாடியில் வடிந்த மாதிரி இருக்கும். அதற்குக் கீழே கழுத்தில் ஒரு நீலப் பட்டி, பிறகு வெள்ளை வயிறு. இங்கே வருகிற கிழக்காசிய வகையில் அந்தப் பட்டி மெல்லிசாக, நடுவில் செம்மண் நிறம் புகுந்து உடைந்தும் இருக்கும். ஐரோப்பியப் படங்களை வைத்துக்கொண்டு "பட்டி இல்லையே" என்று குழம்பவேண்டாம். அந்த வருசம் பிறந்த குஞ்சுகள் மங்கலாக, தொண்டை வெளிறி இருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற 8×42 தொலைநோக்கி இருந்தால் வடிவாகத் தெரியும், இல்லாவிட்டாலும் கம்பிக்குக் கீழே நின்று பார்க்கலாம்.

இராணுவ முகாம்கள் இருக்கிற பக்கம் மட்டும் தொலைநோக்கியைத் திருப்பாதீர்கள். "குருவி பார்க்கிறன்" என்ற பதிலை நம்பவைக்க எனக்கு ஒருமுறை முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

மூன்றாம் படி: வாலை நம்பவேண்டாம்

எல்லாரும் நீண்ட கவர்வாலைத் தேடுவார்கள். அங்கேதான் பிழை வருகிறது. இந்தக் குருவி சிறகும் வாலும் உதிர்த்துப் புதுப்பிக்கிறது இங்கே தங்குகிற காலத்தில். அதனால் மார்கழி, தை மாதங்களில் வால் கட்டையாக, ஒருபக்கம் நீளம் மறுபக்கம் குறைவு என்று கோலம் கெட்டிருக்கும். பங்குனியில் பாருங்கள், இரண்டு பக்கமும் கம்பி மாதிரி நீண்டிருக்கும். வால் விரிகிற கணத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். பறக்கும்போது திரும்புகிற இடத்தில் கவனித்தால் பிடிக்கலாம்.

நான்காம் படி: சாப்பாட்டைப் பாருங்கள்

இது முழுக்க முழுக்கப் பறக்கிற பூச்சிதான் தின்னும். ஈ, நுளம்பு, ஈசல், சின்ன வண்டு. உடல் நிறை 16 தொடக்கம் 22 கிராம். சாதாரணமாக விநாடிக்கு 11 மீற்றர், அதாவது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். பெரும்பாலும் நிலத்துக்கு மேலே ஏழு எட்டு மீற்றர் உயரத்தில்தான்.

காலபோக நெல் விதைத்து மழை இறங்கின பிறகு ஒரு பின்னேரம் வயல் வரம்பில் நில்லுங்கள். மழை வரமுந்தி பூச்சி தாழப் பறக்கும், அதற்குப் பின்னால் குருவியும் தாழும். தும்பி தாழப் பறந்தால் மழை என்று ஆச்சிமார் சொல்வதும் இதே கணக்குத்தான். முழங்கால் உயரத்தில் உங்களை நோக்கி வந்து, கடைசி நேரத்தில் ஒரு சிறகைச் சாய்த்து விலகிப் போகும். மதகடித் தண்ணீரில் பறந்தபடியே கீழ்ச்சொண்டை மட்டும் கீறிக் குடித்துவிட்டுப் போகும், தண்ணீரில் மெல்லிய கோடு ஒன்று நிற்கும். தொண்டைமானாற்றுப் பக்கம், அராலி வெளி, பண்ணைப் பாலம், மண்டைதீவுத் தெரு எல்லாம் நல்ல இடங்கள். பண்ணையில் வாகனம் வேகமாக வரும், தெருவில் நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள். சுண்டிக்குளம் போனால் பூநாரையைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுவீர்கள், அதனால் அங்கே அனுப்பமாட்டேன்.

"கூட்டைக் காட்டுங்கோ" என்று பெடியள் கேட்பார்கள். இங்கே கூடு கிடையாது. இமயமலைப் பக்கம் தொடக்கம் சீனா, யப்பான் வரை வீட்டுத் தாழ்வாரங்களில் சேற்று உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கிண்ணம் மாதிரிக் கட்டும். நாலைந்து முட்டை. இரண்டு கிழமை அடைகாப்பு, பிறகு மூன்று கிழமையில் குஞ்சு பறக்கும். யப்பானில் கடை வாசலில் கூடு கட்டினால் அதிட்டம் என்று நினைத்து, எச்சம் ஆட்களின் தலையில் விழாமல் கீழே ஒரு பலகை அடித்துவிடுவார்களாம். எங்கள் கம்பியில் இருப்பது எந்த ஊர்த் தாழ்வாரத்தில் பொரித்தது என்று பார்வையால் சொல்ல ஏலாது.

ஐந்தாம் படி: இரண்டு தூணுக்கு நடுவே

இப்போது வேலை. உங்கள் வீட்டுக்கும் சந்திக்கும் இடையில் இரண்டு கரண்ட் தூணைத் தெரிவுசெய்யுங்கள். கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரம், அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதை மட்டும் எண்ணுங்கள். கூட்டம் பெரிதென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து கம்பியில் எவ்வளவு நீளம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவால் மிச்சத்தை அளக்கலாம். கொப்பியில் நாள், நேரம், மழையா வெயிலா, எத்தனை, அதில் வால் நீண்டது எத்தனை. அவ்வளவும் போதும். விருப்பமென்றால் பறவைக் கணக்கைப் பதிகிற ஈபேர்ட் செயலியிலும் பதியலாம்.

ஒன்றும் இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள், தாளை வெறுமையாக விடவேண்டாம். சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கும், பிறகு பூச்சியம் தொடர்ந்து வரும். ஆவணி கடைசியில், பக்கத்து வீட்டுக்காரர் "இன்னும் அண்ணாந்து பார்க்கிறியே தம்பி" என்று கேட்கிற ஒரு பின்னேரம், அந்தப் பூச்சியங்களுக்குக் கீழே 1 என்று எழுதவேண்டி வரும்.