விளையாட்டை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியம் பழகும் பிள்ளைகளைச் சேலம் காந்தி மைதானத்துக்கு அழைத்துப் போய், ஆடுகிறவர்களைப் பார்த்து வரையச் சொல்வேன். கை நீளம், தலை அளவு பிசகுவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஓடுவதுபோல் நிற்க வைப்பது

"ஓடுற மாதிரி அப்படியே நில்லுடா" என்று ஒருவனை நிறுத்தி, சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நிற்கிறவன் விழாமலிருக்க, எடையை ஊன்றிய காலுக்கு நேர்மேலே கொண்டுவந்துவிடுவான். ஓட்டத்தைத் தொடங்குகிறவனுக்கோ எடை பாதத்துக்கு முன்னால் சரிந்திருக்கும். அடுத்த கால் வந்து தாங்காவிட்டால் குப்புற விழுவான். அந்தச் சரிவு போய்விட்டால் படத்தில் ஓட்டமே இல்லை.

ஒரு பையன் கபடி பாடிப் போகும் ஆட்டக்காரரை அப்படித்தான் அரைநாள் உட்கார்ந்து வரைந்தான். தசை, வியர்வை, பனியன் மடிப்பு எல்லாம் இருந்தன. ஆள் மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் நின்றார். நிழலைக் கூட்டினான், தசையை முறுக்கினான், தேறவில்லை. இடுப்பு தவறான இடத்தில் இருந்தால் அதன்மேல் போடும் உழைப்பு அத்தனையும் வீண். தரையில் கோடு கிழித்து, அவனையே பாடிவிட்டு வரச் சொன்னேன். இரண்டு பேர் காலைப் பிடித்திழுக்க, கோட்டைத் தொடக் கையை நீட்டினான். எந்தத் தொடை இழுத்தது, இடுப்பு எவ்வளவு தாழ்ந்தது என்று கேட்டேன். மூச்சிரைக்க உட்கார்ந்தவன், கரித்துண்டால் விரல்நுனியிலிருந்து குதிகால்வரை ஒரே கோடு இழுத்தான். முகமில்லை, கையில்லை, ஆனால் பாய்ந்தது.

முதலில் ஆடட்டும். பிறகு ஒரு படத்துக்கு அரை நிமிடம், அதற்குமேல் வேண்டாம்.

வேகக்கோடுகள்

கடைசியில். தேவைப்பட்டால்.

அழிரப்பர்

வீட்டிலேயே இருக்கட்டும்.

போன் படத்தை அப்படியே நகலெடுப்பது

1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் விரித்துப் பறக்கும். 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்களோ, நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது என்று காட்டின. என் கண்ணுக்கு இன்றும் ஜெரிக்கோவின் குதிரைகளே விரைகின்றன. மூட்டு எப்படி மடங்குகிறது என்று பார்க்கப் போன் போதும்; வரையும்போது அதை மூடி வையுங்கள்.

கம்பிக்கு மேலே மட்டும் வரைவது

2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு எங்கள் மாவட்டத்துக்காரர். இங்கே பிள்ளைகள் உயரம் தாண்டுதலை ஆசையாக வரைவார்கள், ஆனால் கம்பிக்கு மேல் மிதக்கும் உடலை மட்டும். ஓடி வருவது, கால் ஊன்றுவது, எழும்புவது, மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். 1912இல் இத்தாலிய ஓவியர் பல்லா, நாயின் கால்களை இப்படி அடுக்கித்தான் நடக்க வைத்தார். ஊன்றும் காலுக்குக் கரியை அழுத்துங்கள், மற்றவை மங்கலாக இருக்கட்டும்.