வீட்டுக் காசு: பிள்ளைகளை வேலைக்குப் பழக்க ஒரு வழி

போன வருஷம் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கென்று தனிக் காசு ஒன்று தொடங்கினோம். பிள்ளைகள் வீட்டு வேலை செய்து அதைச் சம்பாதிப்பார்கள், பிடித்ததை எங்களிடமே அதைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இன்றுவரை நன்றாக ஓடுகிறது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. காசு
புளியங்கொட்டை வேண்டாம். நாங்கள் அதில்தான் தொடங்கினோம். மூன்றாம் நாளே மகனின் டப்பாவில் இருபது கொட்டை கூடுதலாக இருந்தது. சமையலறைப் புளியிலிருந்து எடுத்திருக்கிறான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 1, 5, 10 என்று நோட்டு செய்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுங்கள். கடையில் விற்கும் விளையாட்டு நோட்டுகளில் 100, 500 என்று பெரிய தொகைகள் இருப்பதால் சின்னப் பிள்ளைக்குக் கணக்கு வராது. மொபைல் செயலியும் எனக்குப் பிடிக்கவில்லை. நோட்டைக் கையில் வாங்கி எண்ணிப் பார்க்க வேண்டும். சேர்த்து வைக்க உண்டியலைவிடக் கண்ணாடி பாட்டில் நல்லது, ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

2. எந்த வேலைக்குக் காசு
இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். முதலில் எல்லா வேலைக்கும் விலை போட்டுவிட்டேன். ஒருநாள் பாட்டி தண்ணீர் கேட்டார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே மகன், "இதுக்கு எவ்வளவு?" என்றான். மனசு கஷ்டமாகிவிட்டது. அதே வாரம், ஆசையாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்த மகள், நோட்டு வாங்கியதும் நாலு புள்ளிக் கோலத்தோடு எழுந்துவிட்டாள்.

அப்புறம்தான் 1973இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் படித்தேன். படம் வரையப் பிடித்த மழலையர்களில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு தாங்களாக விளையாடும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்துபோனது. எங்கள் வாசலிலும் அதுதான் நடந்திருக்கிறது.

அதனால் மூன்றாகப் பிரியுங்கள். தன் தட்டைக் கழுவுவது, படுக்கையை மடிப்பது, பெரியவர்களுக்கு உதவுவது: காசு கிடையாது. பிள்ளைக்கே பிடித்த வேலை: அதற்கும் கிடையாது. வீட்டுக்குப் பொதுவான, யாரும் விரும்பிச் செய்யாத வேலைக்கு மட்டும் காசு. செருப்பு அடுக்க 1, செடிக்குத் தண்ணீர் ஊற்ற 2, காய்ந்த துணி மடிக்க 3. கோலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்து மூன்று வாரம் ஆனது, மகள் மறுபடி தானாகக் கோலமாவை எடுக்க.

3. கடை
ஒரு பிள்ளை எல்லாம் செய்தால் ஒரு நாளைக்கு 6 காசு. இதை வைத்து விலை போடுங்கள். சின்னப் பொருள் இரண்டு நாளில் கைக்கு வர வேண்டும்: அரை மணி நேரம் கூடுதல் கார்ட்டூன் 10. பெரியது இரண்டு வாரத்தில்: ஞாயிற்றுக்கிழமை கடைப் பரோட்டா 80. அதற்கு மேல் போனால் ஆறு வயதுக்காரன் விட்டுவிடுவான்.

4. சம்பளம்
அன்றன்றைக்கு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும். வாரக் கடைசி வரை தள்ளாதீர்கள்.

பிற்சேர்க்கை: தப்பு செய்தால் காசைத் திரும்ப வாங்கலாமா என்று பலர் கருத்தில் கேட்டிருந்தீர்கள். நான் வாங்குவதில்லை. உழைத்துச் சேர்த்தது அவர்களுடையது. இன்னொருவர் வீட்டில் அக்கா 3 காசு வேலையைத் தம்பியிடம் 1 காசுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். எங்கள் வீட்டில் செய்த கைக்குத்தான் நோட்டு. பட்டியலின் கீழே அதையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.