அப்பாவுக்கு ஒவ்வாத மருந்து: புகாரை நான் கொண்டுபோன வழி

அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அவர் போகும் மருந்தகத்தின் (கிளினிக்) கோப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. இருந்தும் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமோக்சிசிலினைக் கொடுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, ஒரு கண் இமை வீங்கி மூடியே போய்விட்டது. "வழக்குப் போடு" என்றார் மாமா. அவருக்கு எதற்கெடுத்தாலும் வழக்குதான்.

முதலில் மருந்தகத்துக்கு எழுதி, மருத்துவக் குறிப்புகளின் நகலை வாங்கினேன். மருந்து உறையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்தேன். இவை கையில் இல்லாவிட்டால் நாம் சொல்வது வெறும் புலம்பல்.

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் செய்வதானால், எழுத்து மூலமான புகாரோடு, சொல்வது உண்மை என்று சட்டப்படி உறுதியளிக்கும் சத்தியப் பிரமாணமும் தர வேண்டும். மன்றம் மருத்துவரின் நடத்தையைத்தான் விசாரிக்கும். அபராதம், தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை போகலாம். ஆனால் நமக்கு அங்கே இழப்பீடு கிடைக்காது. அதற்கு நீதிமன்றம்தான், பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

அப்பா கேட்டதோ பதில்தான், பணமல்ல. எனவே நகல்களை இணைத்து மருந்தகத்துக்கே கடிதம் எழுதினேன்: கோப்பில் இருந்த எச்சரிக்கை எப்படித் தவறியது, இனி என்ன செய்வீர்கள்? மருத்துவரே அப்பாவை அழைத்து மன்னிப்புக் கேட்டார். கட்டணத்தையும் திருப்பித் தந்தார். இப்போது அங்கே மருந்து கொடுக்குமுன் தாதி ஒவ்வாமையைப் பற்றி வாய்விட்டுக் கேட்கிறார்.