பனம்பழம் விழும் காலம்: ராமநாதபுரக் கடற்கரையில் ஆவணி முதல் மார்கழி வரை

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் விடியற்காலையில் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பின்னாலேயே பழுத்த வாசனை வேலியைத் தாண்டி வரும். பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெயில் இன்னும் குறைந்திருக்காது, மழைக்கு இரண்டு மாதம் இருக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றவும், கைவேலைக்கும், தோட்டத்துக்கும் அந்த ஒரு மரம் போதும். இதுவரை மண்வெட்டியே பிடிக்காதவர்களும் செய்யும்படி, நான் செய்துவரும் முறையை எழுதுகிறேன்.

பழம் பொறுக்கப் போவது

சாயல்குடி, கடலாடி பக்கம் போனால் சாலையின் இரு புறமும் பனங்காடுதான். மண்டபம், ராமேசுவரம் தீவிலும் பனைக்குக் குறைவில்லை. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பழத்தில் ஈ மொய்த்துவிடும். காற்று பலமாக வீசும்போது மரத்தடியில் நிற்கவே கூடாது. ஒரு பழம் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், அத்தனை உயரத்திலிருந்து விழுகிறது. பெண் பனைதான் காய்க்கும். ஆகவே, அடியில் பழம் கிடக்கும் மரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டும் நேரே அங்கே போகலாம்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டைகள் இருக்கும். நாற்பது பழம் எடுத்தால் நூறு கொட்டை தேறும். முதல் முறைக்கு அது தாராளம். சில பழங்களை அன்றைக்கே தணலில் சுட்டுத் தின்னுங்கள். மீதியைத் தோல் உரித்து, தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையை எடுத்துவிட்டு, கொட்டைகளை இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்துங்கள். பிசையும்போது கையெல்லாம் மஞ்சளாகும். பழைய சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

கிழங்குப் பாத்தி

இந்தக் கொட்டைகளை மண்ணில் புதைத்துப் பனங்கிழங்கு எடுப்பதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு நான் கொட்டைகளைச் சமதரையில் பரப்பி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். பக்கத்து வீட்டு அப்பத்தா பார்த்துவிட்டு, "கிழங்கு கீழேதானே இறங்கும் தாயி, தரையை உயர்த்தாமல் எப்படிப் பிடுங்குவாய்?" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. மார்கழியில் கடப்பாரை போட்டுத் தோண்டியும் பாதிக் கிழங்கு உடைந்தே வந்தது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை முதலில் மேலே வராது. நேரே கீழே இறங்கி, மண்ணுக்குள் கிழங்கைத் திரட்டும். அதனால் பாத்திதான் உயர வேண்டும்.

முதலில் நான்கு அடி நீளம், மூன்று அடி அகலத்துக்கு இடம் குறியுங்கள். தண்ணீர் தேங்காத இடமாக இருக்கட்டும். சுற்றிலும் பனை மட்டையை நெருக்கமாக ஊன்றி அண்டை கட்டி, உள்ளே இரண்டரை அடி உயரத்துக்கு மணலைக் கொட்டுங்கள். நம் கடற்கரை மணல் இதற்கென்றே அமைந்தது போன்றது. ஆனால் அலை வந்து நனைக்கும் உப்பு மணல் ஆகாது, தோட்டத்து மணலாக இருக்க வேண்டும். மிதித்து இறுக்காதீர்கள்.

பிறகு மேலே கொட்டைகளை ஒன்றையொன்று தொடும்படி படுக்கை வாக்கில் அடுக்குங்கள். மேலே நான்கு விரல் கனத்துக்கு மண் போட்டு, காய்ந்த ஓலையால் மூடிவிடுங்கள். புரட்டாசி முதல் வாரத்துக்குள் இது முடிந்துவிட்டால் பொங்கலுக்குக் கிழங்கு கையில் இருக்கும். மழை பிடிக்கும் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் தெளியுங்கள். ஐப்பசிக்குப் பிறகு வானமே பார்த்துக்கொள்ளும். நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது.

இடம் இல்லாதவர்கள் சிமெண்டுச் சாக்கில் மணலை நிரப்பி, மேலே எட்டுப் பத்துக் கொட்டை வைக்கலாம். சாக்கின் அடியில் நான்கைந்து ஓட்டை போட மறக்காதீர்கள்.

புரட்டாசியில் விதைக்க இன்னொன்றும் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் அது. தொட்டியில் நான்கு விதை போட்டுவைத்தால் தன் பாட்டுக்கு வளரும்.

ஓலைக் காற்றாடி

பாத்தி போட்ட பிறகு காத்திருக்கும் நாட்களுக்கு இது. பனையேறும் அண்ணாச்சி யாரையாவது பார்த்து ஒரு குருத்தோலை வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் கேட்காதீர்கள், குருத்துதான் மரத்துக்கு உயிர். ஓலையை இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, இரவில் வெளியிலேயே விட்டுவிட்டால் பனியில் பதமாகி, மடித்தாலும் முறியாது.

ஈர்க்கை நீக்கிவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சாண் நீளமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றன் மேல் ஒன்றைக் குறுக்காக வையுங்கள். நடுவில் உடைமுள்ளால் குத்தி, முள்ளைச் சுழற்றித் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். துளை இறுக்கமாக இருந்தால் காற்றாடி சுற்றாது. இனி நான்கு இறக்கைகளின் நுனிகளையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கினாலும் காற்றாடி தள்ளாடும். இறக்கைக்கு முன்னும் பின்னும் நகமளவு ஓலைத் துண்டு ஒன்றைக் கோத்து, முள்ளைச் சோளத்தட்டையின் நெட்டியில் அழுத்திச் செருகுங்கள். அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் ஓடும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

மிஞ்சிய ஓலையை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆறுக்கு ஆறு என்று மேலும் கீழுமாகக் கோத்துப் பழகுங்கள். கை படிந்த பிறகு, பெட்டி முடையத் தெரிந்த பெண் ஒருவரிடம் உட்கார்ந்து கொட்டான் எனும் சிறு ஓலைப்பெட்டி முடையக் கற்றுக்கொள்ளலாம். மூலை மடிப்பை எழுத்தில் சொல்லி விளங்கவைக்க முடியாது.

காற்று பார்த்துக் கடலுக்கு

காற்றாடியை எங்கே விடுவது? இங்கே கடல் இரண்டு. பாக் விரிகுடாவை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். ஆவணி, புரட்டாசியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். அப்போது அரியமான், தேவிபட்டினம் போகலாம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பியதும் நிலைமை தலைகீழாகும். சேதுக்கரை, வாலிநோக்கம் பக்கம் திரும்புங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தக் கடலும் வேண்டாம்.

1986 முதல் தென்கடலின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம், அந்தப் பவளத்தை நம்பித்தான் மீன் இருக்கிறது.

தவுணும் கிழங்கும்

ஐப்பசியில் மழை பெய்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு நாளில், பாத்தியின் ஓரத்திலிருந்து பத்துக் கொட்டையை எடுத்துப் பெரியவர்கள் அரிவாளால் பிளந்து கொடுங்கள். உள்ளே வெள்ளைப் பஞ்சு போலத் தவுண் இருக்கும். மெல்லிய இனிப்பு, கடித்தால் 'சரக்' என்று இறங்கும்.

மீதியை மார்கழிக் கடைசி வரை விடுங்கள். மேலே முளை ஊசி போல நீட்டி, ஓலை விரியும் முன்பே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நார்தான் மிஞ்சும். ஒரு பக்கத்து அண்டையைப் பிரித்தால் மணல் தானே சரியும், கிழங்கு உடையாமல் கையோடு வரும். தோலை உரித்து, தலையும் வாலும் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அரை மணி நேரம் வேகவையுங்கள். இரண்டாகப் பிளந்து, நடு நரம்பை நீக்கிவிட்டுத் தின்ன வேண்டும்.

பாத்தி போடும்போதே பத்துக் கொட்டையைத் தனியே எடுத்துவைத்து, ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, கண்மாய்க் கரையில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றிவிடுங்கள். அவை காய்க்கப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்று காற்றாடி பிடித்து ஓடுகிற பிள்ளை அந்த மரத்தடியில் பழம் பொறுக்கும்.

கிழங்கு எடுத்த வெறுங்கொட்டைகளை எறியாதீர்கள். நான்கு நாள் வெயிலில் காய்ந்தால் பொங்கல் பானைக்கு அடுப்பெரிக்க ஆகும்.